அட்டைக்குள் ஒளிந்த ராஜாக்கள்

குட்டன்பர்க்கின் பைபிளுக்கு முன்பே ஐரோப்பியச் சந்தைக்கு வந்துவிட்டது அச்சடித்த சீட்டுக்கட்டு. நல்ல கட்டுகளெல்லாம் ஆடி ஆடியே அழிந்தன. இன்று அருங்காட்சியகங்கள் கண்ணாடிக்குள் வைத்துப் பாதுகாப்பவற்றில் பல, அன்றைய பட்டறையின் குப்பை.

ஐநூறு வருடப் பழசான ஒரு லத்தீன் நூல். தோல் உறை போட்ட கெட்டி அட்டை. ஈரம் பட்டோ பூச்சி அரித்தோ அட்டை உப்பிப்போய், ஓரம் பிளந்து, பழுதுபார்ப்பவரின் மேஜைக்கு வருகிறது. தோலை மெல்ல விலக்கினால் உள்ளே பலகை இல்லை. மாவுப் பசை தடவி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய பழைய காகிதங்கள். நீராவி காட்டி, பசையை இளக்கி, ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார். யாரோ ஒரு வியாபாரியின் கணக்குத் தாள். கிழிந்த ஜெபப் புத்தகத்தின் ஒரு பக்கம். அதற்கும் கீழே, தலையில் கிரீடமும் பக்கத்தில் ஓக் மரக் கொட்டையுமாக ஒரு ராஜா முறைத்துப் பார்க்கிறார். அவருக்கு இடமும் வலமும் இன்னும் சில ராஜாக்கள், சேவகர்கள். கத்தரிக்கோல் படாத முழுத் தாள்.

ஜெர்மனியின் ஆரம்பகால மர அச்சுச் சீட்டுகளில் பல, உலகத்துக்குத் திரும்பி வந்தது இந்த வழியாகத்தான். காரணம் எளிமையானது. பட்டறையில் அச்சு சரியாக விழுந்த தாள் வெட்டப்பட்டு, கட்டாகி, விற்கப்பட்டு, சத்திரங்களில் பீர் சிந்திய மேஜைகள் மேல் அறைந்து ஆடப்பட்டு, நைந்து, அடுப்புக்குப் போனது. மை இழுகியது, வண்ணம் நகர்ந்தது, தாள் மடங்கியது என்று ஒதுக்கப்பட்டவை மட்டும் புத்தகம் கட்டுபவரிடம் எடைக்குப் போயின. அவர் அவற்றை அட்டைக்குள் திணித்தார். தேறியவை அழிந்தன; தேறாதவை தப்பித்தன.

இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. அட்டையைப் பிரித்தால் சீட்டு கிடைக்கும். ஆனால் பதினைந்தாம் நூற்றாண்டின் கட்டுமானம் ஒன்று போய்விடும். அந்த அட்டையும் அதே காலத்துக் கைவினைதான், அதற்கும் ஆராய்ச்சியாளர்கள் உண்டு. முந்தைய தலைமுறைச் சேகரிப்பாளர்கள் இதைப் பற்றிக் கவலைப்படவில்லை. பிரித்தார்கள், சீட்டை எடுத்தார்கள். எந்த நூலின் அட்டை, எந்த ஊரில் கட்டியது என்ற விவரத்தைக்கூடச் சில சமயம் குறித்துவைக்கவில்லை. சீட்டு கையில் இருக்கிறது. அதன் விலாசம் தொலைந்துவிட்டது. இன்றைய பழுதுபார்ப்பாளர்கள் அட்டை தானாகச் சிதைந்தாலொழியக் கைவைக்கத் தயங்குகிறார்கள். நல்ல அட்டைகளுக்குள் இன்னும் எத்தனை ராஜாக்கள் படுத்திருக்கிறார்களோ.

சீட்டாட்டம் ஐரோப்பாவின் சொந்தச் சரக்கு அல்ல. எகிப்தை ஆண்ட மாம்லூக்குகளிடமிருந்து மத்தியதரைக் கடலைத் தாண்டி வந்தது என்பதே இன்று பரவலாக ஏற்கப்படும் கருத்து. இஸ்தான்புல்லின் டாப்காப்பி அரண்மனையில் எல்.ஏ. மேயர் என்ற அறிஞர் 1931இல் கண்டெடுத்த மாம்லூக் கட்டில் கிண்ணம், நாணயம், வாள், போலோ மட்டை என்று நான்கு இனங்கள். கையால் தீட்டிப் பொன் பூசியவை. உருவம் எதுவும் கிடையாது. அரசன், 'நாயிப்' எனப்படும் அவனுடைய பிரதிநிதி, இரண்டாம் நாயிப் என்று பதவிகள் எழுத்தில் மட்டும். ஸ்பானிய மொழியில் இன்றும் சீட்டுக்கு 'நைப்பே' என்றுதான் பெயர்.

ஐரோப்பிய ஆவணங்களில் 1370களில் சீட்டு திடீரென்று முளைக்கிறது. 1377இல் ஃப்ளோரன்ஸ் நகரம் தடை போடுகிறது. மறுவருடம் ஜெர்மனியில் ரேகன்ஸ்பர்க். அதே 1377இல் ஃப்ரைபர்க்கில் இருந்த டொமினிக்கன் துறவி, ரைன்ஃபெல்டன் ஜொஹான்னஸ், இந்தப் புது ஆட்டத்தைப் பற்றி லத்தீனில் ஒரு நூலே எழுதிவிட்டார். 52 சீட்டு, நான்கு ராஜாக்கள், ஒவ்வொரு ராஜாவுக்கும் கீழே இரண்டு தளபதிகள். ஒருவர் தன் சின்னத்தை மேலே தூக்கிப் பிடிக்கிறார், மற்றவர் கீழே தாழ்த்திப் பிடிக்கிறார். இதை யார், எங்கே, எப்போது கண்டுபிடித்தார்கள் என்று தனக்குத் தெரியவில்லை என்கிறார் துறவி. ஆனால் திட்டவில்லை. மன்னன் முதல் குடியானவன் வரை உலகம் அடுக்கப்பட்டிருக்கும் விதத்தை அந்தக் கட்டில் பார்க்கிறார். சாமியார்களில் இப்படியும் ஒருவர்.

நியூரம்பர்க் நகர மன்றம் நடைமுறை தெரிந்தது. 1380களை ஒட்டிய அதன் ஆணை, சின்னத் தொகை வைத்து ஆடலாம் என்று சீட்டுக்கு அனுமதி தந்தது. அதே நகரில்தான் 1390இல் உல்மன் ஸ்ட்ரோமர் என்ற வணிகர் ஜெர்மனியின் முதல் காகித ஆலையை ஓடவிட்டார். ஆடுவதற்கு அனுமதி, அடிப்பதற்குக் காகிதம். தொழில் பிறக்க வேறென்ன வேண்டும்?

வேண்டியது ஒன்று இருந்தது: மலிவு. கையால் தீட்டிய கட்டு பிரபுக்களுக்கானது. ஸ்டுட்கார்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் 1430ஐ ஒட்டிய கட்டு அப்படிப்பட்டது. வாத்து, ராஜாளி, மான், வேட்டை நாய் ஆகியவையே இனங்கள். பின்னணி முழுக்கத் தங்கம். 52இல் 49 மிஞ்சியிருப்பதிலிருந்தே அதை யாரும் அதிகம் ஆடவில்லை என்பது தெரிகிறது. குதிரைக்காரனும் கொல்லனும் ஆட வேண்டுமென்றால் ஒரே படம் ஆயிரம் முறை வர வேண்டும். அதற்கு ஐரோப்பாவில் ஏற்கனவே ஒரு வழி இருந்தது. துணிக்கு அச்சுப் போடும் மரக்கட்டை. துணி இருந்த இடத்தில் காகிதத்தை வைத்தார்கள்.

செய்முறையைப் பார்ப்போம். இதை எழுதிவைத்த ஜெர்மானியக் கைவினைஞர் யாரும் இல்லை; தொழில் ரகசியம் கையோடு போய்விடும். ஆனால் அட்டைகளிலிருந்து உரித்த தாள்கள் பாதி வேலையில் நின்றவை என்பதால் ஒவ்வொரு கட்டத்தையும் காட்டிக்கொடுக்கின்றன. அச்சடித்து வண்ணம் போடாதது, ஒரே ஒரு வண்ணம் மட்டும் போட்டது, எல்லாம் முடிந்து வெட்டாதது. முழுமையான சீட்டு இதையெல்லாம் சொல்லாது. பிற்காலத்தில், 1762இல், துஹமெல் து மொன்சோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானி தன் நாட்டுச் சீட்டுப் பட்டறைகளைப் பார்த்து எழுதிய விரிவான விவரிப்பும் உதவுகிறது.

முதலில் கட்டை. பேரி மரம் அல்லது வால்நட், நாரின் போக்கிலேயே அறுத்து இழைத்த பலகை. ஒரே பலகையில் பத்து, இருபது சீட்டுகள் வரிசையாக. படத்தை இடம் வலம் மாற்றித்தான் வரைய வேண்டும். பிறகு செதுக்குபவர் கத்தியோடு உட்காருகிறார். கோட்டைச் செதுக்குவதில்லை, கோட்டை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எடுப்பதுதான் வேலை. ஒவ்வொரு கோட்டுக்கும் இருபுறமும் சாய்வாக ஒரு கீறல், பிறகு வளை உளியால் நடுவில் உள்ள மரத்தைத் தோண்டி எறிதல். ராஜாவின் மூக்கில் கத்தி வழுக்கினால் மூக்கு போனதுதான். அதனால்தான் அந்த முகங்களில் கோடு குறைவு. புருவமும் மூக்கும் ஒரே வளைவு, வாய்க்கு ஒரு கீற்று, உடையின் மடிப்புக்கு நாலு கோடு. ஏழை வீட்டுக்கு மலிவாக ஒரு முகம் செய்ய இவ்வளவு போதும் என்று கண்டுபிடித்தவர்களை நான் சாதாரணக் கலைஞர்களாக நினைக்கவில்லை.

மை, விளக்குப் புகைக்கரியைப் பசைநீரில் குழைத்தது. எண்ணெய் மை பின்னால் எழுத்து அச்சோடு வந்தது. ஆரம்பகாலத் தாள்களில் கோடுகள் கறுப்பாக இல்லாமல் பழுப்பாகத் தெரிய இந்த நீர் மைதான் காரணம். கட்டையில் மை தடவி, ஈரத் தாளை அதன்மேல் விரித்து, முதுகுப் பக்கம் தேய்த்து எடுத்தார்கள். அல்லது துணிக்குச் செய்வது போலவே கட்டையைத் தாள்மேல் கவிழ்த்து அழுத்தினார்கள். அந்தத் தாளின் பின்னால் இன்னும் சில தாள்கள், கோதுமை மாவுப் பசையில் ஒட்டி, பளு ஏற்றிப் பிழிந்து, காயப்போட்டார்கள். நடுத்தாள் மட்டம், முகத்தாள் உசத்தி. எதிரில் இருப்பவனுக்கு வெளிச்சத்தில் ஊடுருவித் தெரியாமல் இருக்க இந்தக் கனம் அவசியம்.

அடுத்தது வண்ணம். மெழுகோ எண்ணெயோ ஏற்றிய தாளில் துளைவெட்டி ஸ்டென்சில் செய்தார்கள். சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, மஞ்சளுக்கு ஒன்று. தாள்மேல் வைத்து அகலத் தூரிகையால் ஒரே இழுப்பு. ஜோஸ்ட் அம்மன் 1568இல் வெளியிட்ட தொழில்களின் படநூலில் இந்த வேலைக்காரர் இருக்கிறார். சுற்றிலும் வண்ணக் கிண்ணங்கள், கையில் தூரிகை, முன்னால் ஸ்டென்சில். வேகம் முக்கியம் என்பதால் ஸ்டென்சில் ஒரு நூல் நகர்வது சகஜம். ராஜாவின் தாடிச் சிவப்பு பக்கத்துச் சேவகனின் தோளில் ஏறியிருக்கும். கடைசியில் சோப்பு தேய்த்து வழவழப்பான கல்லால் மெருகு. விரலில் வழுக்காத சீட்டைப் பிரித்துப் போட முடியாது. பிறகு கத்தரி, தரம் பிரித்தல், கட்டு.

அம்மனின் படத்தில் இருப்பவருக்கு ஜெர்மன் மொழியில் 'ப்ரீஃப்மாலர்' என்று பெயர். இன்றைய ஜெர்மனில் 'ப்ரீஃப்' என்றால் கடிதம். அகராதியை மட்டும் நம்பினால் 'கடித ஓவியர்' என்று மொழிபெயர்த்துவிட்டு அசடு வழிய வேண்டும். அன்று அந்தச் சொல்லுக்கு எழுத்தோ படமோ உள்ள ஒற்றைத் தாள் என்று பொருள். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட எனக்கு, இதற்குச் சரியான வார்த்தை தமிழில் தயாராக இருப்பதைப் பார்த்து ஒரு சின்னச் சந்தோஷம்: சீட்டு. துண்டுத் தாளும் அதுதான், ஆடுவதும் அதுதான்.

ஏனென்றால் இந்தச் சீட்டு ஓவியர்கள் ஆட்டச் சீட்டு மட்டும் செய்யவில்லை. அதே பட்டறையில், அதே கத்தியால், புனிதர்களின் படங்களும் அச்சாயின. யாத்ரீகர்கள் வாங்கிப்போய்க் கதவில் ஒட்டினார்கள். தேதியிட்ட ஐரோப்பிய மர அச்சுகளில் மிகப் பிரபலமானது 1423ஆம் வருடத்துப் புனித கிறிஸ்டோபர் படம். அதுவும் ஒரு கையெழுத்துப் பிரதியின் அட்டைக்குள் ஒட்டியபடிதான் கிடைத்தது. ஒரு கட்டை பாவத்துக்கு, ஒரு கட்டை பாவமன்னிப்புக்கு. அதே 1423இல் போலோன்யாவில் புனித பெர்னார்டினோ சூதுக்கு எதிராகப் பிரசங்கம் செய்து சீட்டுகளைக் கொளுத்த வைத்தார். பிழைப்பு போயிற்றே என்று அழுத சீட்டு ஓவியனிடம் ஏசுவின் பெயரெழுத்துகளை வரைந்து விற்கச் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. கதையோ நிஜமோ, சரக்கை மாற்ற அவனுக்குக் கருவி மாற்ற வேண்டியிருக்கவில்லை. 1452இல் ஜான் கபிஸ்ட்ரானோ நியூரம்பர்க்கிலேயே வந்து பலகைகளையும் தாயக் கட்டைகளையும் சீட்டுகளையும் எரித்தார். அந்தக் காட்சி நமக்குப் படமாகக் கிடைப்பது ஹான்ஸ் ஷாய்ஃபெலைன் 1519இல் செய்த மர அச்சில்.

எரித்து மாளாத அளவுக்குத் தொழில் வளர்ந்திருந்தது. நியூரம்பர்க், ஆக்ஸ்பர்க், உல்ம் மூன்றும் மையங்கள். 1430களின் நியூரம்பர்க் பதிவேடுகளில் எல் என்றொரு சீட்டுக்காரி, மார்கரெட் என்றொரு சீட்டு ஓவியக்காரி. பெயரும் தொழிலும் மட்டுமே. வேறு ஒரு வரி இல்லை. உல்ம் நகரிலிருந்து சீட்டுகளைச் சிறு பீப்பாய்களில் அடைத்து இத்தாலிக்கும் சிசிலிக்கும் அனுப்பி, பதிலுக்கு மசாலாச் சாமான்கள் வாங்கிவந்தார்கள் என்கிறது அந்த ஊரின் பழைய வரலாற்றுக் குறிப்பு.

பீப்பாய் இறங்கிய இடத்தில் கூக்குரல் எழுந்தது. 1441 அக்டோபரில் வெனிஸ் அரசு ஓர் ஆணை போட்டது. சீட்டும் அச்சுப் படமும் செய்யும் தொழில் நகரில் அடியோடு நசித்துவிட்டது, வெளியே அச்சிட்டு வண்ணம் போட்ட சரக்கு வந்து குவிவதே காரணம், இனி இறக்குமதி கூடாது. எந்த நாட்டுச் சரக்கு என்று ஆணை சொல்லவில்லை. ஆல்ப்ஸுக்கு வடக்கே விரல் நீட்டுகிறார்கள் வரலாற்றாசிரியர்கள். இங்கிலாந்தும் 1463இல் வெளிநாட்டுச் சீட்டுக்குத் தடை போட்டது. உள்நாட்டுத் தொழிலைக் காப்பாற்று, அந்நியச் சரக்கைத் தடுத்து நிறுத்து என்ற கோஷத்தை நம் காலத்தின் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்கள் வெனிஸ் ஆணையைப் படிக்கலாம்.

அந்த ஆணையில் இன்னொரு முக்கியத்துவம் இருக்கிறது. 1441இலேயே 'அச்சிட்ட' சரக்கு சந்தையை மூழ்கடிக்கும் அளவுக்கு வந்துவிட்டது. குட்டன்பர்க் தன் பைபிளை முடித்தது 1455ஐ ஒட்டி. அதில் சுமார் 180 பிரதிகள். அச்சு என்ற விஷயம் சாமானியன் கைக்கு வந்தது வேதமாக அல்ல, சீட்டாக. அச்சின் வரலாற்றை எழுதுபவர்கள் இதை ஓர் அடிக்குறிப்பில் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். கௌரவப் பிரச்சினையாக இருக்கலாம்.

எழுத்து அச்சு வந்தபோது மரம் செதுக்குபவர்கள் சும்மா இருக்கவில்லை. 1470ஐ ஒட்டி ஆக்ஸ்பர்க்கில் குந்தர் ஸைனர் என்ற அச்சகக்காரர் புத்தகத்தில் மர அச்சுப் படம் சேர்க்கக் கிளம்பியதும், தங்கள் தொழிலில் கைவைக்கிறார் என்று சங்கம் எதிர்த்தது. உள்ளூர் மடாதிபதி தலையிட்டார். படம் போடலாம், ஆனால் சங்கத்து ஆட்களைத்தான் வைத்துச் செதுக்க வேண்டும் என்று சமரசம். ஆக, ஜெர்மனியின் புகழ்பெற்ற படப் புத்தகங்களுக்குப் பின்னால் சீட்டுப் பட்டறையில் பழகிய கைகளும் இருந்தன.

மிஞ்சிய ஒரு தாளுக்கு எப்படி வயது சொல்கிறார்கள்? காகிதத்தைச் சல்லடையில் வார்க்கும்போதே கம்பியில் வளைத்த ஆலை முத்திரை தாளில் பதியும். வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். காளைத் தலை அதிகம். அதே முத்திரை, தேதியுள்ள வேறு ஆவணத்தில் இருந்தால் சில வருட வித்தியாசத்தில் வயது பிடிபடும். 1907இல் ப்ரிக்கே வெளியிட்ட பட்டியலில் இப்படி 16,000க்கும் அதிகமான முத்திரைகள். ஸ்டுட்கார்ட் கட்டுக்குத் தேதி கிடைத்ததும் இந்த வழியில்தான். கட்டையும் சாட்சி சொல்லும். அச்சடிக்க அடிக்க விளிம்புக் கோடு உடையும். உடைசல் இல்லாத தாள் முந்தியது, உள்ளது பிந்தியது.

பெரிய இடத்திலும் மர அச்சு நுழைந்தது. வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கும் 1455ஐ ஒட்டிய அரசவைக் கட்டு, 48 சீட்டும் குறையாமல் கிடைத்திருக்கிறது. கோடு மர அச்சு. மேலே கையால் வண்ணம், பொன், வெள்ளி. இனங்களுக்குப் பதில் ஜெர்மனி, பிரான்ஸ், போஹீமியா, ஹங்கேரி நாட்டுச் சின்னங்கள். ராஜா ராணிக்குக் கீழே சமையல்காரர், நாவிதர், விதூஷகன், பானை வனையும் பெண். ஓர் அரண்மனையே சம்பளப் பட்டியலோடு மேஜைக்கு வந்துவிட்ட மாதிரி.

சாதாரணக் கட்டில் இனங்கள் பதினைந்தாம் நூற்றாண்டின் பின்பாதியில் நிலைத்தன: ஓக் கொட்டை, இலை, இதயம், மணி. மணி என்றால் கோயில் மணி அல்ல, சலங்கையில் கோக்கும் உருண்டை மணி. ராணி கிடையாது. ராஜா, 'ஓபர்', 'உன்டர்', அதாவது மேலவர், கீழவர். பத்துக்குப் பதில் பல கட்டுகளில் ஒரு கொடி. ஏஸ் இல்லை, இரண்டுதான் உச்சம், அதில் பெரும்பாலும் ஒரு பன்றி. மொத்தம் 48. பீட்டர் ஃப்ளாட்னர் 1540ஐ ஒட்டிச் செய்த கட்டில் முன்பக்கம் மூக்கைப் பொத்த வைக்கும் நையாண்டி, பின்பக்கம் பாட்டுக்கான இசைக் குறிப்பு. ஆடி முடித்து, கட்டைத் திருப்பிப் பிடித்துப் பாடலாம்.

இவ்வளவு வளமான கட்டு உலகத்தை ஏன் பிடிக்கவில்லை? நம் ரம்மி மேஜையில் ஓக் கொட்டை இல்லையே. 1480ஐ ஒட்டி பிரான்சில் யாரோ ஒரு கணக்குப் போட்டார்கள். ஜெர்மன் கட்டில் கொடியும் பன்றியும் படமும் எண்ணிக்கைச் சீட்டிலும் நிறைந்திருக்கும். 48க்கும் கட்டை செதுக்க வேண்டும், வண்ணமும் பல. பிரெஞ்சுக்காரர்கள் சின்னங்களைத் தட்டையான நிழலுருவங்களாக்கினார்கள். சிவப்பு, கறுப்பு இரண்டே நிறம். 52இல் 40 சீட்டுக்குக் கட்டையே வேண்டாம், ஸ்டென்சில் போதும். மரச்செதுக்கு 12 முகங்களுக்கு மட்டும். ஜெர்மானியர்களை வீழ்த்தியது அழகு அல்ல, அடக்க விலை. ரூவானில் செய்த அந்தக் கட்டு இங்கிலாந்துக்குப் போய், அங்கிருந்து கப்பலேறி நம் கைக்கு ஆட்டின், டைமண்ட், கிளாவர், இஸ்பேட் ஆக வந்தது.

அதற்கு முன்பே இங்கே வேறொரு கிளை இருந்தது. பாபர் 1527இல் சிந்துவுக்கு 'கஞ்சிபா' சீட்டு அனுப்பியதைத் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். கஞ்சிபா என்ற அதே சொல் டாப்காப்பியின் மாம்லூக் சீட்டிலும் காணப்படுகிறது. இந்தியாவில் அது வட்டமாகி, அரக்கு பூசி, தசாவதாரம் ஏற்று, கையால் தீட்டுவதாகவே நின்றது. மகாராஷ்டிரத்தின் சாவந்த்வாடியிலும் வங்கத்தின் பிஷ்ணுபூரிலும் இன்னமும் தீட்டுகிறார்கள். வாங்குபவர்கள் ஆடுவதில்லை, மாட்டிவைக்கிறார்கள்.

ஜெர்மன் கட்டு முழுதாகத் தோற்கவில்லை. பவேரியாவின் பீர் விடுதிகளில் 'ஷாஃப்கோஃப்' என்ற ஆட்டத்தை இன்றும் ஓக் கொட்டை, இலை, இதயம், மணியை வைத்துத்தான் ஆடுகிறார்கள். அதில் ராஜாவுக்கு மரியாதை இல்லை. ஓபரும் உன்டரும் துருப்பாகி அவரை வெட்டுவார்கள். எல்லோருக்கும் மேலே இருப்பது ஓக் கொட்டை ஓபர். அவரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. 'கிழவர்' என்கிறார்கள்.